வீதுரு

நான்காம் மாடி. ஹம்டன் லேனில் கடல் தெரியாத பக்கம்.
எங்கள் பல்கனிக்குக் காட்சி என்றால்
எதிர் வீட்டுப் பல்கனியும் அதில் காயும் சாரமும்தான்.
அங்கே, அடியில் ஓட்டை போட்ட பெயின்ற் வாளிக்குள்
தேங்காய்ப்பூச் சக்கை, வாழைப்பழத் தோல்,
சாயம் இறங்கிய தேயிலைத் தூள்
எல்லாம் கொட்டி மூடிவைத்தேன்.
மூன்றாம் கிழமை நாறியது.
நான்காம் கிழமை
கட்டடக் குழுச் செயலாளர் நிர்மலநாதன்
லிப்டுக்குள் ஒரு கடதாசி ஒட்டினார்.
'சிலர்' என்று தொடங்கியது.
அந்தச் சிலர் நான் ஒருத்திதான்.

காய்ந்த இலை போடு, கிளறிவிடு என்றாள்
கந்தோரில் பக்கத்து மேசை ரிஸ்மியா.
வெள்ளவத்தையில் காய்ந்த இலைக்கு எங்கே போவது?
சனி பின்னேரம் தலையணை உறையோடு
பள்ளிக்கூட மதிலோரம் குனிந்து
வாகைச் சருகு பொறுக்கினேன்.
காவலாளி கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு,
பைத்தியம் என்று முடிவு கட்டியவரின் கனிவோடு
ஒரு கை அள்ளிப் போட்டார்.

இடியப்பக் கடையில் டப்பாவை நீட்டினேன்.
பெடியன் அதற்குள் லஞ்ச் ஷீற்றை விரித்து
அதன்மேல் இடியப்பம் அடுக்கி,
சொதியைச் சிலிசிலிப் பையில் முடிந்து
டப்பாவுக்குள்ளேயே வைத்துத் தந்தான்.
'தம்பி, ஷீற் வேண்டாம் எண்டுதானே…'
'பழக்கம் அக்கா.'

இரவு, ஏசி போடாத அறையில் புழுங்கியபடி
இவர் கேட்டார்:
கீழ ஜெனரேற்றர் புகை தள்ளுது,
மேல பிளேன் போகுது,
நீ ஒரு ஸ்ட்ரோவை வேண்டாம் எண்டதால
கடல் ஒரு அங்குலம் இறங்குமோ?
எனக்குப் பதில் தெரியவில்லை.
காற்றாடியை ஒரு எண் கூட்டிவிட்டுத்
திரும்பிப் படுத்தேன்.

பிறகு அந்தச் செவ்வாய்.
தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தல் கை தவறி உடைந்தது.
ஏழு பத்துக் கோச்சிக்கு நேரமாச்சு.
கூட்டி அள்ளி, கண்ணில் பட்ட பைக்குள் திணித்து
கீழே வைத்துவிட்டு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை படலையடியில்
குப்பை லொறிப் பெண் பியசீலி நின்றாள்.
வலது பெருவிரலில் சீத்தைக் கிழிசல் சுற்று,
சுற்றுக்கு மேலே மஞ்சள் கறை.
'வீதுரு, நோனா' என்றாள்.
ஒரு சொல். அதில் கோபம் இல்லை.
மழை பெய்தது என்பதைப்போலச் சொன்னாள்.
யாருடைய கண்ணாடி என்று அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
உப்பும் கொச்சிக்காய்த்தூளும் தேசிப்புளியும்
என் கைப்பதம்.
அது அந்த வெட்டுக்குள் இறங்கி
எப்படி எரிந்திருக்கும் என்று
கோட்டை வரைக்கும் நின்றுகொண்டே யோசித்தேன்.
வலப்பக்கம் கடல்மட்டம் எது, நிலமட்டம் எது
ஒன்றும் கண்ணில் படவில்லை.

பூமி பெரிய சொல்.
என் வாய்க்கு அது அளவில்லை.
ஒரு பெருவிரல் அளவு.

இப்போது கண்ணாடியை
மரண அறிவித்தல் பக்கத்தில் நாலு மடிப்பாகச் சுற்றி,
கோதுமைமா நூலால் கட்டி,
தமிழில் ஒருமுறை, சிங்களத்தில் ஒருமுறை
மேலே எழுதிவைக்கிறேன்.
லொறிக்குள் எல்லாம் ஒன்றாகத்தான் விழுகிறதா என்று
நான் பார்ப்பதில்லை.
பொய். பார்க்கிறேன்.
சில நாள் விழுகிறது.

போன கிழமை பியசீலி பொதியைத் திருப்பிப் பார்த்துச்
சிரித்தாள்.
என் சிங்கள 'வீ'யில் சுழி இல்லையாம்,
குறிலாக நிற்கிறதாம்.
ஆறிய தழும்போடு அந்த விரல்
காற்றில் ஒரு வளைவு போட்டு, முனையில் சுழித்தது.
எங்கள் 'வீ'க்கும் அப்படித்தான் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
லொறி ஹோர்ன் அடித்தது.